மால், மண்டபம், பேஸ்மென்ட்: விலை கூடிய காரை எங்கே, எப்படி நிறுத்துவது

தமிழ்நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு காருக்கு ஒதுக்க வேண்டிய இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ஃபார்ச்சூனரின் அகலம் 1855 மி.மீ., அதுவும் சைடு மிரரைச் சேர்க்காமல். கோடுகளுக்கு நட்டநடுவே நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது 32 செ.மீ. பக்கத்து வண்டியும் அதே அகலத்தில், அதேபோல நடுவில் நின்றால் இரண்டுக்கும் இடையே 64 செ.மீ. இருக்கும். வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். ஒருவர் ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டாலோ மிஞ்சுவது 40 செ.மீ. சொச்சம்தான். கதவில் விழும் ஒடுக்குகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சாணில் விழுந்தவை.

அதனால் வண்டிக்கு என்ன கோட்டிங் போடலாம் என்று கேட்பதற்கு முன்னால் எங்கே நிறுத்துகிறோம் என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பில் முக்கால் பங்கு அதில் இருக்கிறது, செலவும் கிடையாது.

இடம் பிடிப்பது

லிஃப்ட் வாசலை ஒட்டிய ஸ்லாட்டுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். மணிக்கு மூன்று வண்டி மாறும் இடம் அது. வண்டி மாறும்போதெல்லாம் நான்கு கதவு திறந்து மூடும். ஒரு தளம் கீழே போய் நூறு அடி நடக்கத் தயாராக இருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

தூண் ஓரத்து ஸ்லாட் நல்லது, ஆனால் தூண் உங்கள் இடப்பக்கம் வரும்படி பாருங்கள். கூட வந்தவர்களை முன்னாலேயே இறக்கிவிட்டுத் தூணிலிருந்து 20–25 செ.மீ. தள்ளி நிறுத்தினால் டிரைவர் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். வளைவின் முனை, ராம்ப் இறங்கும் இடம், டிராலி விட்டுச்செல்லும் இடம் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். ஃபுட் கோர்ட்டின் குப்பைத் தொட்டி அருகில் நிறுத்தினால் எலி பானட்டுக்குள் ஏறும். ஒரு ஒயரைக் கடித்தாலே சென்சார் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கிவிடும்.

பக்கத்தில் நிற்கும் வண்டியையும் ஒரு நொடி பாருங்கள். அதன் கதவு விளிம்பில் பெயின்ட் உதிர்ந்திருந்தால் அந்தக் கதவு ஏற்கெனவே பல வண்டிகளைப் பதம் பார்த்திருக்கிறது. கோட்டை மிதித்துக்கொண்டு நிற்கும் வண்டி என்றால் அந்த இடமே வேண்டாம். அவருக்காக நீங்களும் தள்ளி நிறுத்துவீர்கள். அவர் கிளம்பிப் போனபின் கோணலாக நிற்பது உங்கள் வண்டி மட்டும்தான்.

இருசக்கர வண்டிகள் தனிப் பாடம். சைடு ஸ்டாண்டில் நிற்கும் பைக் எப்போதும் தன் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், விழுந்தாலும் அந்தப் பக்கம்தான் விழும். மே மாத வெயிலில் தார் இளகி ஸ்டாண்டின் முனை உள்ளே இறங்கும்போது யாரும் தொடாமலே சாயும். ஆகவே பைக்கின் இடப்பக்கம் உங்கள் கார் இருக்கக் கூடாது. தி.நகர் தெருக்களில் உங்கள் பம்பருக்கும் முன்வண்டிக்கும் இடையில் ஒரு ஸ்கூட்டர் எப்படியும் நுழைந்துவிடும். அதை எடுக்கும்போது ஹேண்டில்பார் முனையோ ஃபுட்ரெஸ்ட்டோ உங்கள் பம்பரை இழுத்துவிட்டுப் போகும். தணிகாசலம் சாலையில் பல அடுக்கு பார்க்கிங் இருக்கும்போது தெருவில் நிறுத்தி மிச்சம் பிடிக்கும் காசு ஒரு பம்பர் பெயின்ட்டுக்கு ஈடாகாது.

மேலேயும் அண்ணாந்து பாருங்கள். பேஸ்மென்ட் கூரையில் வெள்ளைக் கோடுகளோ, கீழே தரையில் வெள்ளைத் திட்டோ தெரிந்தால் அங்கே சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டுகிறது. கான்கிரீட்டில் ஊறி இறங்கும் நீர் சிமென்ட்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். காரத்தன்மை கொண்ட அது பானட்டில் காய்ந்தால் கல்லாக ஒட்டும், விட்டுவைத்தால் பெயின்ட்டின் மேல்பூச்சான கிளியர் கோட்டை அரிக்கும். நகத்தால் சுரண்டாதீர்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து, வண்டி சூடாக இல்லாத நேரத்தில் திட்டின் மேல் 5 நிமிடம் போட்டுவையுங்கள். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, போகாவிட்டால் இன்னொரு முறை செய்யுங்கள். வினிகர் மெழுகையும் எடுத்துவிடும் என்பதால் அந்த இடத்தில் மறுபடி வாக்ஸ் போட வேண்டும்.

திறந்தவெளியில் தென்னை மரத்தடி கூடவே கூடாது. நாவல் மரத்தடியில் பழம் கறையாக்கும், மாமரத்தடியில் பிசின் ஒட்டும். பறவை எச்சம் வெயிலில் காயக் காயப் பெயின்ட்டைக் கடிக்கும். ஈரத்துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பெசன்ட் நகர் கடற்கரை ஓரம் சாயங்காலம் முழுக்க நிறுத்தினால் உப்புக் காற்று வண்டி மேல் படியும். மறுநாள் அடிப்பாகம் உட்பட நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். அங்கே இறங்கும்போது கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும், காற்று பிடுங்கி அடுத்த வண்டியில் அடித்துவிடும்.

நிறுத்தும் விதம்

ரிவர்ஸில் உள்ளே போவதே நல்லது. திரும்பும் சக்கரம் முன்னால் இருப்பதால் குறுகிய இடத்துக்குள் பின்பக்கத்தைச் செருகிவிட்டு மூக்கை நேராக்குவது எளிது. வெளியே வரும்போது குழந்தைகளும் தள்ளுவண்டியும் கண்ணுக்குத் தெரியும். வரிசையில் எல்லோரும் ஒரே திசையில் நிற்பது இன்னும் முக்கியம். உங்கள் வலப்பக்கத்து வண்டி உங்களுக்கு எதிர்த்திசையில் நின்றால் இரண்டு டிரைவர் கதவுகளும் நேருக்கு நேர் வரும், இருவருமே இறங்கியாக வேண்டிய பக்கம் அது. வரிசை முழுக்க மூக்கை உள்ளே விட்டு நின்றால் நீங்களும் அப்படியே நிறுத்துங்கள். தாழ்ந்த செடான் என்றால் அப்போது சக்கரத் தடுப்புக் கட்டையைக் கவனியுங்கள். டயர் கட்டையைத் தொடுவதற்கு முன்பே பம்பரின் கீழ் உதடு அதில் ஏறி, ரிவர்ஸ் எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும்.

பின்னால் நின்று “வா, வா, வா” என்று கத்துபவர் உங்கள் வண்டியின் பின்புறத்தை மட்டும் பார்க்கிறார். முன் பம்பர் தூணை உரசுவது அவருக்குத் தெரியாது. கேமராவையும் முழுக்க நம்பாமல் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் கோடு சம அளவில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவருக்காக அவசரப்பட்டால் அலாய் வீல்தான் கரைக்கல்லில் தேயும்.

இரண்டு ஸ்லாட்டை அடைத்துக் குறுக்கே நிறுத்தும் புத்தி சிலருக்கு வருகிறது. வண்டி விலை ஒரு கோடியாக இருக்கட்டும், டோக்கன் ஒன்றுதான். சாவியால் கோடு இழுப்பவன் தேடிப்போவதும் இப்படி நிற்கும் வண்டியைத்தான். கியா கார்னிவல் போல 5155 மி.மீ. நீள வண்டி எப்படியும் கோட்டுக்கு வெளியே 15 செ.மீ.யாவது நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுவரோரக் கடைசி ஸ்லாட்டில் போடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் “அஞ்சு நிமிஷம்தான்” என்பதும் வேண்டாம். சார்ஜிங் ஸ்லாட்டில் பெட்ரோல் வண்டிக்கு வேலையில்லை, சார்ஜ் முடிந்த எலெக்ட்ரிக் வண்டிக்கும் வேலையில்லை.

அடுக்கு லிஃப்ட் பார்க்கிங்கில் வாசல் பலகையில் எழுதியிருக்கும் உயரம், நீளம், எடை மூன்றையும் படியுங்கள். பெரிய எலெக்ட்ரிக் எஸ்யூவி 2 டன்னைத் தாண்டும், உயரம் சரியாக இருந்தும் எடையில் மாட்டும்.

“நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க சார்”

கல்யாண மண்டபம், பழைய ஆபீஸ் வளாகம், ஆஸ்பத்திரி என எங்கும் வாட்ச்மேன் சொல்வது இது. ஹேண்ட்பிரேக் போடாமல் நியூட்ரலில் விட்டால் குறுக்கே நிற்கும் வண்டியைத் தள்ளிவிட்டு உள்ளே இருப்பவர் எடுப்பார். கைப்பிடி பிரேக் உள்ள மேனுவல் வண்டிக்கு இது சரி. பட்டன் பிரேக்கும் ஆட்டோமேட்டிக் கியரும் உள்ள வண்டிகள் பல, இன்ஜினை அணைத்ததும் தாமாகவே ‘பி’ (பார்க்கிங்) கியருக்குப் போய்ப் பிரேக்கையும் போட்டுக்கொள்ளும். சிலவற்றில் கார் கழுவுவதற்கென்று ஒரு நியூட்ரல் முறை உண்டு, அதுவும் சற்று நேரத்தில் ‘பி’-க்குத் திரும்பிவிடும். இது தெரியாமல் நாலு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். வண்டி நகராது, பானட்டும் டிக்கியும்தான் உள்வாங்கும். “இது தள்ள முடியாத வண்டிண்ணே” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வேறு இடம் கேளுங்கள். போன் நம்பர் எழுதிய அட்டையை டேஷ்போர்டில் வைப்பது எங்குமே நல்ல பழக்கம். நம்பரை வெளியே காட்ட விருப்பமில்லை என்றால் ஸ்கேன் செய்து அழைக்கும் க்யூஆர் ஸ்டிக்கர் கிடைக்கிறது.

வேலே பார்க்கிங்

ஓட்டல் ஆளே வண்டியை எடுத்துப்போய் நிறுத்தும் முறை இது. சாவியைக் கொடுக்கும் முன் டோக்கனையும் சேர்த்து நான்கு மூலை, நான்கு அலாய் வீல், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் ஆகும். வீட்டுச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றுங்கள். வேகம், டிக்கி போன்றவற்றைக் கட்டுப்படுத்திவைக்கும் வேலே மோட் வண்டியில் இருந்தால் போடுங்கள். கியர் எப்படி மாற்றுவது, பிரேக் பட்டன் எங்கே என்று அந்தப் பையனுக்குக் காட்டிவிடுங்கள். பாதி விபத்து அவருக்குப் பழக்கமில்லாத கியர் குமிழால் வருவது.

“ஓனர் ரிஸ்க்” என்று டோக்கனுக்குப் பின்னால் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1998-ல் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் வேலேயிடம் விட்ட மாருதி ஜென் திருடுபோன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவியை வாங்கி வண்டியைப் பொறுப்பில் எடுத்தபின் தன் கவனக்குறைவுக்கு ஓட்டல் அந்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்றது கோர்ட். நீங்களே நிறுத்திச் சாவியை நீங்களே வைத்துக்கொண்டால் இந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

துடைக்கிறேன் பேர்வழிகள்

பெயின்ட்டுக்குப் பெரிய எதிரி பக்கத்து வண்டியின் கதவு அல்ல, காய்ந்த துணி. கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 40–50 மைக்ரான். தூசி படிந்த பானட்டில் ஒரே பழந்துணியால் பத்து வண்டியைத் துடைப்பவர் அதில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோலத்தான் தேய்க்கிறார். வெயிலில் கறுப்பு வண்டியைப் பாருங்கள், சிலந்திவலை மாதிரி வட்டக் கீறல் தெரியும். கேட்காமலே துடைக்க வருபவரிடம் “துடைக்க வேண்டாம்ண்ணே, சும்மா பாத்துக்குங்க” என்று இருபது ரூபாயை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். தூசி மேல் கார் கவர் போடுவதும் இதே கதைதான். தீபாவளி வாரத்தில் நைலான் கவரை மறந்தும் போடாதீர்கள். ஒரு ராக்கெட் விழுந்தால் அது உருகிப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

செராமிக் கோட்டிங் சில மைக்ரான் தடிமன்தான். அழுக்கு எளிதில் போகும், பளபளப்பு வரும், கதவு இடித்தால் தாங்காது. பிபிஎஃப் (பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) சுமார் 200 மைக்ரான் தடிமனான பாலியூரித்தேன் படலம். உரசலையும் லேசான சாவிக் கோட்டையும் தாங்கும், ஒடுக்கைத் தாங்காது. முழு வண்டிக்கும் போட மனமில்லை என்றால் முன் பம்பர், கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி, டிக்கி வாசல் உதடு ஆகியவற்றுக்கு மட்டும் போடுங்கள்.

பார்க்கிங்கிலும் பதிவு செய்யும் டாஷ்கேம் வாங்குவதானால் உள்ளே லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாகப் பாருங்கள். சென்னை வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும், பேட்டரி உப்பிவிடும். அதைக் கார் பேட்டரியோடு இணைக்கும் ஒயரிங் கிட்டில் மின் துண்டிப்பை 12.2 வோல்ட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாள் ஏர்போர்ட்டில் விட்டுத் திரும்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாது.

மழை

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் 2024 அக்டோபரிலும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக விட்டார்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் பேஸ்மென்ட்டில் விடாதீர்கள். ராம்ப் வழியாக இறங்கும் தண்ணீர் முதலில் நிரப்புவது அதைத்தான். மேம்பாலத்தில் விடுவதானால் இடது ஓரம், ஒற்றை வரிசை, ஆம்புலன்ஸ் போக வழி. தண்ணீர் ஏறத் தொடங்கியபின் காரை எடுக்க பேஸ்மென்ட்டுக்குள் இறங்க வேண்டாம். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவும் வேண்டாம். இன்ஜின் தண்ணீரை இழுத்தால் கனெக்டிங் ராடு வளையும், இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் அதற்குப் பணம் வராது.

கீறல் விழுந்தபின்

வண்டியை நகர்த்தாமல் படம் எடுங்கள். பக்கத்து வண்டிகளின் எண்ணும் தூண் எண்ணும் படத்தில் வரட்டும். சிசிடிவி பதிவு சில நாளில் அழிந்துவிடும் என்பதால் அன்றைக்கே மேனேஜருக்கு நேரத்தைக் குறிப்பிட்டு மெயில் அனுப்புங்கள். யாரோ வேண்டுமென்றே செய்தது என்றால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள்.

உடனே கிளைம் போடாதீர்கள். சொந்த வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் போடாதவருக்குக் கிடைக்கும் 50 சதவீதத் தள்ளுபடியில் (நோ கிளைம் போனஸ்) நீங்கள் கட்டுவது 30,000. ஒரு சின்ன கிளைம் போட்டால் அடுத்த ஆண்டு முழு 60,000 கட்ட வேண்டும். மறுபடி 50 சதவீதத்தைத் தொட ஐந்து ஆண்டு ஆகும். எட்டாயிரம் ரூபாய் வேலையைக் கைக்காசில் முடிப்பதே மேல். பெயின்ட் உடையாத ஒடுக்கு என்றால் டிங்கரிங்குக்கு விடுவதற்கு முன் பெயின்ட்லெஸ் டென்ட் ரிப்பேர் செய்பவரைப் பாருங்கள். உள்பக்கமிருந்து கம்பியால் நெம்பி எடுத்துவிடுவார், கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கும். கீறலில் நகம் மாட்டாவிட்டால் பாலிஷிலேயே போய்விடும்.

இடித்தது நீங்கள் என்றால் செக்யூரிட்டியிடம் அந்த வண்டி எண்ணைச் சொல்லி மைக்கில் அறிவிக்கச் சொல்லுங்கள். ஆள் வராவிட்டால் பெயர், போன் நம்பர், நேரம் மூன்றையும் எழுதி வைப்பருக்கு அடியில் வையுங்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் மை ஒரு தூறலில் கரைந்துவிடும், அப்புறம் நீங்கள் சொல்லாமல் ஓடியவராகத்தான் கணக்கு.