பள்ளியும் வார்டும் சேர்ந்து நடத்தும் குப்பைக் கல்வி: நீலகிரிக்கான செய்முறை

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் பேனர், ஊர்வலம், உறுதிமொழி, மரக்கன்று, குரூப் போட்டோ. மறுநாள் பள்ளி வாசல் தொட்டியில் எல்லாக் குப்பையும் ஒன்றாகவே விழும். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் பிரித்து வைத்ததை வண்டிக்காரர் ஒரே சாக்கில் கொட்டிக்கொண்டு போவதை அவர்களே ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். அதன் பிறகு எந்த வகுப்பும் ஏறாது. ஆகவே பாடத்துக்கு முன் வண்டி.

நகராட்சி என்றால் துப்புரவு ஆய்வாளரையும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலரையும் முதலில் பாருங்கள். மூன்று கேள்விகளுக்கு விடை வாங்குங்கள். பள்ளி இருக்கும் தெருவுக்கு வண்டி எந்த நாள், எத்தனை மணிக்கு வரும்? வண்டியில் மக்கும் குப்பைக்கும் மக்காத குப்பைக்கும் தனித்தனி அறை உண்டா? கொண்டுபோகும் குப்பை எங்கே இறங்கும்? தனி அறை இல்லாவிட்டால் நாள் மாற்றிக் கேளுங்கள்: மக்குவது தினமும், மக்காதது வாரம் ஒரு நாள், சனிக்கிழமை என்றாலும் சரி. இந்த ஏற்பாடு எழுத்தில் வந்த பிறகு தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் போகலாம். பள்ளியில் தேசிய பசுமைப் படையோ சுற்றுச்சூழல் மன்றமோ இருந்தால் அதன் பொறுப்பாசிரியரைப் பிடியுங்கள். புதிதாக இன்னொரு குழு தொடங்கினால் இரண்டும் படுத்துவிடும்.

எந்த மாதம்

சமவெளியின் அட்டவணை இங்கே உதவாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் மழை விடுமுறையே பாதி நாளைத் தின்றுவிடும். அங்கே காலாண்டுத் தேர்வு முடிந்து அக்டோபரில் தொடங்குங்கள். குன்னூர், கோத்தகிரி சரிவில் நிலைமை நேர்மாறு. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழையும் மண்சரிவும் உண்டு; ஜூன் நடுவில் தொடங்கி ஆகஸ்டுக்குள் முடித்துவிடுவது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தைச் சமாளிக்கவே நகராட்சி ஆட்களுக்கு நேரம் போதாது, அப்போது யாரையும் கேட்காதீர்கள். 6 முதல் 8 வரையிலான வகுப்புகள் இதற்கு ஏற்றவை. எட்டு வாரம் வைத்துக்கொண்டால் போதும்.

முதல் வாரம்: எடை போடுதல்

போஸ்டர் வரையும் முன் பள்ளியின் குப்பையை எடை போடுங்கள். பத்துக்குப் பத்தடி தார்ப்பாய் ஒன்று, 25 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, ஆறு வாளி, ரப்பர் கையுறை, நோட்டு. தொடர்ந்து மூன்று வேலை நாள் குப்பையை எடுக்க வேண்டும். திங்கட்கிழமையைத் தவிர்க்கவும்; வார இறுதியில் மைதானத்தில் சேர்ந்த வெளியாட்கள் குப்பை கணக்கைக் கெடுக்கும். சேகரித்ததைக் கூரைக்குள் வையுங்கள். மழையில் நனைந்த காகிதத்தின் எடை இரட்டிப்பாகிக் காகிதம்தான் பள்ளியின் பெரிய சிக்கல் என்று காட்டும்.

பிரிக்க வேண்டிய வகைகள்: உணவுக் கழிவு, இலை தழை, காகிதம் அட்டை, கெட்டிப் பிளாஸ்டிக்கும் உலோகமும், மெல்லிய கவர்கள், மற்றவை. சத்துணவு நடக்கும் பள்ளியில் முட்டை ஓட்டைத் தனியாக எண்ணிவைத்தால் எண்கணித வகுப்புக்கும் ஆகும். கழிப்பறைத் தொட்டியைப் பிள்ளைகள் தொடவே கூடாது. நாப்கின் முதலியவற்றை முன்பே காகிதத்தில் சுற்றித் தனியாக ஒப்படைத்துவிட வேண்டும். உடைந்த கண்ணாடி, பேட்டரி, டியூப்லைட் கண்ணில் பட்டால் பெரியவர் எடுக்கட்டும்.

சிப்ஸ், பிஸ்கட் கவர்களை மறுசுழற்சிக்குப் போகும் என்று சொல்லிக்கொடுப்பது பரவலான தவறு. பல அடுக்கு ஒட்டிய அந்தத் தாளைப் பிரித்தெடுக்க வழியில்லை. சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புவதுதான் பெரும்பாலும் நடப்பது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னால், பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் என்ன வாங்குவது என்ற பேச்சு தானாக வரும். 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் சிலவற்றுக்குத் தடை உண்டு. நீலகிரியில் அதற்கும் மேலே போய்த் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை. அந்தக் கடைக்காரரையும் ஒரு வகுப்புக்குக் கூப்பிடுங்கள். மிரட்ட வேண்டாம், அவர் என்ன மாற்றுச் சரக்கு வைக்க முடியும் என்று கேளுங்கள்.

உரத்தொட்டி: மலையில் ஏன் தோற்கிறது

சென்னையில் மாடியில் வைக்கும் சின்ன மண்பானை ஊட்டிக் குளிரில் வேலை செய்யாது. உரம் மக்கும்போது எழும் சூட்டைத் தக்கவைக்கக் குவியலுக்குப் பருமன் வேண்டும்: நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு தொட்டி கட்டுங்கள், ஒன்று நிரம்பும்போது மற்றது முதிரும். இடையிடையே சந்து விட்ட செங்கல் சுவர், தொட்டியின் அடித்தளம் தரைமட்டத்திலிருந்து அரையடி உயரத்தில், மேலே தகரக் கூரை. கூரையில்லாத தொட்டி ஒரே மழையில் சாக்கடையாகிவிடும்.

ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று வாளி காய்ந்த சருகு. சருகில்தான் இங்கே சிக்கல். கீழே கொட்டிக் கிடப்பது பெரும்பாலும் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையும் பைன் ஊசியும். இரண்டும் லேசில் மக்காது. மொத்தச் சருகில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அவை வேண்டாம். மீதிக்குப் புல், கிழித்த அட்டைப்பெட்டி, மரக்கடைத் தூள். தொடக்கத்தில் 5 கிலோ பச்சைச் சாணத்தை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்குக்கு அடுக்கு தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்.

இரும்புக் கம்பியை நடுவில் குத்தி ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் சரியாகப் போகிறது. சூடே இல்லையென்றால் குவியல் சிறிது அல்லது காய்ந்திருக்கிறது. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள், சொட்டே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். மூக்கை அரிக்கும் நெடி வந்தால் பச்சைக் கழிவு அதிகம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை, உடனே புரட்டுங்கள். சமவெளியில் இரண்டு மாதத்தில் ஆகும் உரம் இங்கே மூன்று, நான்கு மாதம் எடுக்கும். எட்டு வாரத் திட்டத்துக்குள் உரம் அள்ளலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

சாம்பார் சாதம், எண்ணெய், இறைச்சி, எலும்பு எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி எண்ணெய் வாசத்துக்குக் கதவையே உடைக்கும் பிராணி. காட்டுப்பன்றியும் குரங்கும் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும். சமைத்த மிச்சத்தை மூடி இறுகும் வாளியில் வைத்து அன்றைக்கே வண்டியில் ஏற்றுங்கள். இரவில் எந்தத் தொட்டியும் வெளியே இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனாலே வார்டுக்குப் பாதி லாபம்.

குப்பை போகுமிடம்

நான்காம் வாரம் கிடங்குக்குக் கூட்டிப்போங்கள். ஊட்டி என்றால் தீட்டுக்கல், குன்னூர் என்றால் ஓட்டுப்பட்டறை. ஓட்டுப்பட்டறையில் உலர்குப்பையைத் தரம்பிரித்துக் கட்டுப்போடுவதைப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு 30 பிள்ளைகள், மூடிய காலணி, முகக்கவசம், இரண்டு ஆசிரியர். காலை வண்டிகள் இறக்கி ஓய்ந்தபின் பதினொரு மணிக்குப் போனால் நெரிசல் இருக்காது. அதிகாரி உரையைக் குறைத்துத் தூய்மைப் பணியாளர் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். கையை எது கிழித்தது, எந்தத் தெருவின் குப்பை மோசம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

யாரிடம் கேட்பது என்ற பாடம்

ஐந்து, ஆறாம் வாரங்களில் பள்ளியைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்கு வரைபடம் வரையச் சொல்லுங்கள்: குழாய், கால்வாய், குப்பை கொட்டும் மூலை, எரியாத விளக்குக் கம்பத்தின் எண். ஊட்டியில் கோடப்பமந்து கால்வாயோரப் பள்ளி என்றால் அதில் விழுவது ஏரிவரை எப்படிப் போகிறது என்று நடந்தே காட்டலாம்.

பிறகு ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். பெரியவர்களுக்கே குழப்பம் இங்கேதான். நெடுஞ்சாலையோர வடிகால் நெடுஞ்சாலைத் துறைக்கு, காட்டோரம் வனத்துறைக்கு, தேயிலைத் தோட்டச் சாலையும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்களும் தோட்ட நிர்வாகத்துக்கு. குன்னூரை ஒட்டிய வெலிங்டன், ராணுவக் குடியிருப்புப் பகுதிக்கான கண்டோன்மென்ட் வாரியத்துக்கு உட்பட்டது. அந்தத் தெருப் புகாரை நகராட்சியில் கொடுத்தால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும்.

மனு எழுதும் பயிற்சி: ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, வார்டு எண், தெரு, அடையாளம், எப்போதிலிருந்து, என்ன செய்ய வேண்டும், ஒரு புகைப்படம். "நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் கோப்பில் தூங்கும். "இந்த மூலையில் காலை ஏழு மணிக்கு வண்டி நிற்க வேண்டும்" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது.

இந்த வரைபடத்தையும் எடைக் கணக்கையும் ஊராட்சியில் கிராம சபையில் வையுங்கள். சபை கூடும் நாள்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகராட்சி, பேரூராட்சியில் பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் வேலை நாளில் கூட்டம் போட்டால் யாரும் வரமாட்டார்கள். ஞாயிறு காலை போடுங்கள். படகர் ஊர்களான ஹட்டிகளில் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, ஊர் கூடும் இடத்திலேயே வைப்பது முறை.

எட்டாம் வாரம் அதே தராசு, அதே மூன்று கிழமைகள், மீண்டும் எடை. மெல்லிய கவரின் எடை குறைந்திருக்கிறதா, வண்டியில் கலந்து ஏறியது எத்தனை கிலோ என்ற இரண்டு எண்ணைத் துப்புரவு ஆய்வாளரிடம் கொடுத்து, அடுத்த பள்ளிக்கு எந்த வழித்தட வண்டி என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.