ஆய்வகத்தில் தேறி, கிணற்றில் தவறும் சிமென்ட்

எண்ணெய்க் கிணறு ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் அலகு மாற்றத்தில் தடுமாறுவதும், மாதிரிக்குச் சீட்டு ஒட்ட மறப்பதும் சீக்கிரமே சரியாகிவிடும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். அனுபவம் வந்த பிறகும் தொடரும் தவறுகள் வேறு.

அலமாரிச் சிமென்ட், வடித்த நீர்

கேசிங் எனும் கிணற்றுக் குழாய்க்கும் பாறைக்கும் இடையே நிரப்பும் சிமென்டை ஆய்வகத்தில் சோதிக்கும் கலவை இது: எண்ணெய்க் கிணறுகளுக்கான ஜி வகைச் சிமென்ட் 792 கிராம், தண்ணீர் 349 கிராம். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 15 விநாடிக்குள் சிமென்டைக் கொட்டி முடித்து, பிறகு 12,000 சுற்றில் 35 விநாடி கலக்க வேண்டும். இதை எல்லோரும் பிசகாமல் செய்கிறார்கள். ஆனால் ரிக்கில், அதாவது துளையிடும் தளத்தில், பம்ப் செய்யப்போவது சைலோ என்ற சேமிப்புக் கலனில் கிடக்கும் சிமென்டையும் அங்குள்ள தொட்டித் தண்ணீரையும்தான். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் உப்பு கூடியிருந்தாலே கலவை சீக்கிரம் இறுகும். இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரின் கணக்கு தப்பிப்போகும். ஐந்து மணி நேரம் தாங்கும் என்று அறிக்கை சொன்ன கலவை, பாதி வேலையில் கேசிங்குக்குள்ளேயே நின்றுவிட்டால், அதைத் துளைத்தெடுக்க வேண்டும். வெளியே சிமென்ட் ஏறாத இடத்தில் கேசிங்கைத் துளையிட்டு, அழுத்தத்தில் மறுபடி செலுத்த வேண்டும். அத்தனை நாளும் ரிக் வாடகை ஓடும். ஒரு கேன் தண்ணீரும் ஒரு பை சிமென்டும் ரிக்கிலிருந்து வரவழைப்பது அவ்வளவு கஷ்டமா? இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

வெப்பநிலையிலும் இதே அலட்சியம். இறுகும் நேரத்தைச் சுழற்சி வெப்பநிலையில், அதாவது திரவம் ஓடும்போது கிணற்றடியில் இருக்கும் வெப்பநிலையில், பார்க்க வேண்டும். மேலிருந்து இறங்கும் திரவம் கிணற்றின் அடியைக் குளிர்விப்பதால் அது பாறையின் வெப்பத்தைவிடக் குறைவு. பாறை வெப்பத்திலேயே நேரத்தைப் பார்த்தால் ரிடார்டர் கூடிப்போகும். நீளமான சிமென்ட் பத்தியின் மேல்முனையோ இன்னும் குளிர்ந்தது. ஒரு நாள் கழித்தும் அங்கே கூழாகவே நிற்கலாம், அதன் வழியே வாயு ஏறலாம். மேல்முனை வெப்பநிலையில் தனியாக ஒரு வலிமைச் சோதனை செய்யுங்கள்.

சோதனை முடிவு சரியில்லை என்றால் பம்ப் செய்யாதீர்கள். மெக்சிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணற்றுக்கான வாயு கலந்த நுரைச் சிமென்ட் நிலைக்கவில்லை என்று 2010 பிப்ரவரியிலேயே ஆய்வகம் காட்டியது. ஏப்ரல் 20 அன்று கிணறு வெடித்து 11 பேர் இறந்தார்கள்.

துளையிடும் சேற்றின் பாகுத்தன்மை

அளந்த வெப்பநிலையை எழுதாத எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மையப்படுத்திகள்

கேசிங்கைத் துளையின் நடுவில் நிறுத்துபவை இவை. கேசிங் ஒருபக்கம் சாய்ந்தால் ஒடுங்கிய பக்கத்துச் சேறு நகராது. கணக்கில் வந்த எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

களிப்பாறை மாதிரி

சேற்றைச் சோதிக்கும் களிப்பாறை மாதிரியை அடுப்பில் உலர்த்தாதீர்கள். காய்ந்த களிப்பாறை நனைந்ததுமே விரிசல் விடும். பழி நல்ல சேற்றின் மேல் விழும்.