நீலகிரிச் சாலைகளில் பழைய தார்க்கலவையை மீண்டும் பயன்படுத்தும் முறை

பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுக்கொண்டு போனால், சாலை உயர்ந்து, மழைநீர் வடிகாலுக்குச் செல்லாமல் வீட்டுவாசல்களுக்கு வந்துவிடும். ஆகவே மில்லிங் இயந்திரத்தால் சுரண்டி எடுத்து, அந்தத் துகளைப் புதிய கலவையில் சேர்ப்பதே முறை. இரண்டு பருவமழைகளைக் காணும் மலையில் அத்துகளைத் தரையில் கொட்டித் தார்ப்பாய் போர்த்தக் கூடாது. உள்ளே ஈரம் தங்கும். பக்கங்கள் திறந்த கூரையின் கீழ், நீர் தேங்காத மேட்டில் வைக்க வேண்டும்.

காற்றும் வெயிலும் பட்டு எண்ணெய்ப்பசை குறைந்த பழைய தார் இறுகி, எளிதில் விரிசல் விடும் தன்மையை அடைந்திருக்கும். அதை இளக்குவதற்கு உதகை, குன்னூர் உணவகங்களில் மிஞ்சும் பொரித்த எண்ணெய் பயன்படும். ஆனால் வடிகட்டி, நீரை நீக்கியபின் பயன்படுத்துவது கட்டாயம். பலமுறை காய்ச்சிப் புளித்த எண்ணெயின் அமிலம், ஜல்லியில் தார் ஒட்டும் பிடிப்பைக் கெடுக்கும். அளவைக் கண்மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். துகளிலிருந்து தாரைப் பிரித்து, அதன் எடையில் 2, 4, 6 விழுக்காடு எண்ணெய் சேர்த்த மாதிரிகளை 25 டிகிரியில் ஊசி ஊடுருவல் சோதனைக்கு (ஊசி தாருக்குள் எவ்வளவு இறங்குகிறது என அளப்பது) உட்படுத்தி, சாலைப்பணிக்கான தார் வகைகளில் ஒன்றான விஜி-30-க்குரிய குறைந்தபட்ச அளவான 45-ஐ (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அலகில்) எட்டும் மிகக் குறைந்த அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தால் வளைவுகளில் தளம் நெகிழ்ந்து தடம் விழும்.

எண்ணெயின் அளவை முடிவு செய்தபின் பிளாஸ்டிக்கைக் கவனிக்க வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய உலர்முறைப்படி, சுமார் 165 டிகிரிக்குச் சூடாக்கிய புதிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினால் அவை உருகி மெல்லிய பூச்சாகப் படியும். பால் கவர்களும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளும் இதற்கு ஏற்றவை. சுற்றுலாப் பயணிகளிடமிருந்து மலையில் குவியும் குடிநீர்ப் பாட்டில்கள் அந்த வெப்பத்தில் உருகா. பிவிசியோ நச்சுப்புகை தரும் என்பதால் அறவே கூடாது. வழக்கமாகத் தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு சேர்ப்பார்கள். பழைய துகள் ஏற்கெனவே இறுகியது, பிளாஸ்டிக்கும் இறுக்கும். ஆகவே இக்கலவைக்குக் குறைந்த அளவிலிருந்து தொடங்குவதே நல்லது.

பழைய துகளைத் தீச்சுவாலை நேரடியாகப் படாத தனி உருளையில் சுமார் 110 டிகிரிக்குச் சூடாக்கி, எண்ணெயைத் தெளித்து, பூச்சு ஏறிய ஜல்லியோடு கலந்து, இறுதியில் புதிய தாரும் நீற்றிய சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு, ஈரத்தில் ஜல்லியை விட்டுத் தார் உரிவதைத் தடுக்கும். தொடக்கத்தில் பழைய துகளின் பங்கு மொத்தக் கலவையில் 20 விழுக்காடு போதும். நீரில் ஊறவைத்த மாதிரியின் இழுவலிமை, ஊறாத மாதிரியின் வலிமையில் 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அக்கலவையைச் சாலைக்கு அனுப்பாதீர்கள்.

காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் உதகைக் காலைகளில் தளம் போடக் கூடாது. மலைக்காற்றில் கலவை விரைந்து ஆறுவதால், லாரியை மூடிக் கொண்டுவந்து, வெப்பம் 90 டிகிரிக்குக் குறையுமுன் ரோலர் வேலையை முடித்துவிட வேண்டும்.