ஜப்பான் மெட்டல் மேக்ஸ் கேட்ரிட்ஜை நம்மூர் கரண்டில் ஓடவிடுவது எப்படி

மெட்டல் மேக்ஸ் 1991-இல் நிண்டெண்டோவின் ஜப்பான் ஆட்டப்பெட்டியான ஃபேமிகாமுக்கு வந்த ஆட்டம். கிரியா-டெக் உருவாக்கியது, டேட்டா ஈஸ்ட் வெளியிட்டது. டிராகன் வேட்டை அலுத்துப் போச்சு என்று விளம்பரத்திலேயே சொல்லிவிட்டு, வாளுக்குப் பதில் டாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அதே கதையைப் புதுப்பித்து 1995-இல் அடுத்த பெட்டியான சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்தது மெட்டல் மேக்ஸ் ரிட்டர்ன்ஸ். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ரிட்டர்ன்ஸை எடுங்கள். படம் தெளிவு, மெனுவும் வசதி.

சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் கிடைத்தாலும் சரி, ஜப்பானிலிருந்து தபாலில் வரவழைத்தாலும் சரி, வந்த கையோடு செருகிவிடாதீர்கள். முதலில் கரண்ட், அடுத்து பேட்டரி, அதன் பிறகுதான் ஆட்டம்.

கரண்ட்

சூப்பர் ஃபேமிகாம் பெட்டியோடு வரும் ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டுச் சுவரில் வருவது 240. பிளக் மாற்றி ஒன்றை மாட்டி நேராகச் செருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சூடேறி, வாடை அடித்து, செத்துப்போகும். பிளக் மாற்றி பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைத் தொடாது.

ஜப்பான் அடாப்டரையே வைத்துக்கொள்ள ஆசையென்றால் 240-ஐ 100 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அடாப்டர் கொடுப்பது 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர், அதாவது எட்டரை வாட். ஆகவே 50 வாட் டிரான்ஸ்ஃபார்மரே தாராளம். முடி உலர்த்தி, இஸ்திரிப்பெட்டி போன்றவற்றுக்கென்று விற்கும் எடை குறைந்த பயண மாற்றி ஆகாது. அது கரண்ட் அலையை நறுக்கித்தான் அனுப்பும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சாமானுக்கு அது ஒத்துவராது.

இதைவிடச் சுலபமான வழி, 240 வோல்ட்டில் ஓடும் வேறொரு அடாப்டர் வாங்குவது. 9 வோல்ட் டிசி, 1 ஆம்பியர் அல்லது அதற்கு மேல், முனை 5.5 × 2.1 மில்லிமீட்டர், நடுமுனை மைனஸ். கடைசியாகச் சொன்னதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டவுன் எலக்ட்ரிக் கடையில் தொங்கும் அடாப்டர்களில் பெரும்பாலானவை ரௌட்டருக்கும் சிசிடிவி கேமராவுக்கும் ஆனவை. அவற்றில் நடுமுனை பிளஸ். அடாப்டர் மேல் அச்சடித்த சிறு வட்டப் படத்தைப் பாருங்கள்: நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு மைனஸ் குறியில் முடிய வேண்டும். துருவம் மாறினால் பெரும்பாலும் போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடும், அப்புறம் பெட்டி உயிரே காட்டாது. வீட்டில் செகா மெகா டிரைவ் ஆட்டப்பெட்டியின் பழைய முதல் மாடல் அடாப்டர் கிடந்தால் அதுவே போதும். அதுவும் 9 வோல்ட், நடுமுனை மைனஸ்.

12 வோல்ட் அடாப்டரிலும் பெட்டி ஓடத்தான் செய்யும். ஆனால் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் வருவதை 5 வோல்ட்டாக இறக்கி, மிச்சத்தையெல்லாம் சூடாக்கித்தான் வெளியே விடும். நம்மூர்ப் புழுக்கத்தில் அது வேண்டாத வேலை.

மத்தியானத்துக்கு மேல் இடி இடித்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.

டிவி

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஏவி வயர் மட்டும். சூப்பர் நிண்டெண்டோ, நிண்டெண்டோ 64, கேம்கியூப் மூன்றின் ஏவி வயரும் இதற்குப் பொருந்தும். ஆண்டெனா வயரை மறந்துவிடுங்கள். ஜப்பானின் 1, 2 சேனல்கள் நம் டிவி தேடும் இடத்தில் இல்லை, எஃப்எம் வானொலி அலைவரிசைக்குள் விழுகின்றன. பழைய குண்டு டிவியில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ உருண்டாலோ மெனுவில் கலர் சிஸ்டத்தை ஜப்பான் முறையான என்டிஎஸ்சி-க்கு மாற்றிப் பாருங்கள். அந்தத் தேர்வே இல்லாத டிவி என்றால் வேறு டிவிதான்.

பேட்டரி

நீங்கள் கட்டும் டாங்கி, சேர்க்கும் பணம், வாங்கும் பீரங்கி எல்லாம் கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் ஒரு 3 வோல்ட் காசு பேட்டரியின் தயவில்தான் நிற்கின்றன. முப்பது வருடப் பழைய பேட்டரியை நம்பி இருபது மணி நேரம் ஆடுவது வீண். ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றினால் பழைய சேவ் அழியும். முந்தைய சொந்தக்காரர் எதுவரை போனார் என்று பார்க்க ஆசையிருந்தால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

வேண்டியவை: கேட்ரிட்ஜ் திருகைக் கழற்ற 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளி, கால் வைத்து ஒட்டிய சிஆர்2032 பேட்டரி, சூடாக்கும் ஈயக்கோல், ஈயம், ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னல், மல்டிமீட்டர், 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக்குச்சி.

இரண்டு திருகையும் கழற்றிப் போர்டை வெளியே எடுங்கள். பிளஸ் எந்தப் பக்கம் என்று போனில் ஒரு படம் பிடித்துவிடுங்கள். மல்டிமீட்டரை வைத்தால் புதுப் பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், பழையது 2.5-க்குக் கீழே போயிருந்தால் அதன் கதை முடிந்தது. கோலை 350 டிகிரிக்கு வைத்து, பழைய ஈயத்தின் மேல் புது ஈயம் ஒரு சொட்டு விடுங்கள். முப்பது வருட ஈயம் தனியாகச் சுலபத்தில் இளகாது, புதியது கலந்தால் சீக்கிரம் இளகும். இளகியதும் காலை மெல்லத் தூக்குங்கள். மைனஸ் கால் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூடு பிடிக்க நேரமெடுக்கும். அங்கே பொறுமையிழந்து இழுத்தால் போர்டின் செம்புத் தடமே உரிந்து வரும். இந்த வேலையில் அதிகக் கவனம் வேண்டியது அந்தக் காலில்தான்.

ஓட்டைகளைப் பின்னலால் சுத்தம் செய்து, புதுப் பேட்டரியைப் படத்தில் பார்த்த திசையிலேயே வைத்து, ஒரு காலுக்கு இரண்டு மூன்று வினாடியில் ஒட்டி முடியுங்கள். கால் இல்லாத பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் வைக்கவே கூடாது, சூட்டில் வெடிக்கலாம். செலோடேப்பால் ஒட்டுவதும் நிற்காது, ஒரு தட்டு தட்டினால் தொடர்பு விட்டுப்போய் சேவ் காலி.

மூடுமுன் தங்க நிறத் தொடுமுனைகளை ஆல்கஹாலில் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். வாயால் ஊதுவது எச்சில் ஈரத்தைத்தான் சேர்க்கும். மூடிய பிறகு ஆட்டத்தில் சேவ் செய்து, கேட்ரிட்ஜை உருவி, ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் பாருங்கள். 1991 ஃபேமிகாம் பதிப்பு வைத்திருப்பவர்கள் அணைக்கும்போது ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி பவரை அணைப்பது நல்லது.

டாங்கி

ரிட்டர்ன்ஸுக்கு ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, ஆனால் அது ஆட்டத்தின் கணினிக் கோப்புக்குத்தான். உங்கள் கையில் இருக்கும் கேட்ரிட்ஜ் ஜப்பானிய மொழியில்தான் பேசும். சில சொற்களை வடிவத்தோடு பழகிக்கொண்டால் கடை மெனுவில் தடுமாற மாட்டீர்கள்: ஷாஷீ (அடிச்சட்டம்), என்ஜின், சி-யூனிட்டோ (கட்டுப்பாட்டுக் கணினி), ஷுஹோ (பெரிய பீரங்கி), ஃபுகுஹோ (துணைத் துப்பாக்கி).

இந்த ஆட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது எடை. என்ஜின் எவ்வளவு டன் இழுக்குமோ அதுதான் எல்லை. ஏற்றிய பாகங்களின் எடையைக் கழித்தால் மிஞ்சுவது கவச ஓடுகளுக்கு. அடி விழுந்தால் முதலில் ஓடுகள்தான் உதிரும். அவை தீர்ந்த பிறகே பாகங்கள் பழுதாகும். உதாரணத்துக்கு, என்ஜின் 12 டன் இழுக்கும், பாகங்கள் 9 டன் என்றால் 3 டன்னுக்கு ஓடு போடலாம். இதில் 2 டன் கூடுதலான பீரங்கியை மாட்டினால் ஓட்டுக்கு 1 டன்தான் மிச்சம். கடையில் பெரிய பீரங்கியைப் பார்த்ததும் வாங்கி மாட்டிவிட்டு, இரண்டு சண்டையில் டாங்கி நொறுங்கி நிற்பது இதனால்தான். கையில் பணம் வந்தால் முதலில் என்ஜின், அப்புறம் பீரங்கி. அடிச்சட்டத்தை மெருகேற்றினாலும் எடை கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பெரிய பீரங்கிக்குக் குண்டு தீரும், துணைத் துப்பாக்கிக்குத் தீராது. வழியில் வரும் சில்லறை எதிரிகளைத் துணைத் துப்பாக்கியாலேயே முடித்துவிட்டு, குண்டுகளைப் பரிசுத்தொகை வைத்த எதிரிகளுக்கு மிச்சம் பிடியுங்கள். அவர்களை வீழ்த்தினால் ஹன்டர் ஆபீஸுக்குப் போய்த்தான் பணம் வாங்க வேண்டும்.

என்ஜினோ சி-யூனிட்டோ பழுதானால் டாங்கி நகராது. அதனால் தூரப் பயணத்தில் மெக்கானிக் கூட இருப்பது அவசியம். வாடகை டாங்கி ஆரம்பத்தில் உதவும், ஆனால் சண்டையில் கிடைக்கும் பணத்தில் பாதியை வாடகையாகப் பிடித்துக்கொள்வார்கள், பாகங்களை மாற்றவும் விடமாட்டார்கள். சொந்த டாங்கி கிடைத்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரியோராடோவில் இருக்கும் அப்பாவிடம் பேசும்போது மட்டும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டாதீர்கள். வேட்டையை விட்டுவிடுகிறாயா என்று கேட்பார். ஆமாம் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்து, நிறைவுக்காட்சி ஓட ஆரம்பித்துவிடும்.