லினக்ஸ் மீது பழி போடுவதற்கு முன்: மாநகராட்சிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாநகராட்சிக் கணினிகளை, யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் முடிகிற கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றலாமா என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் மியூனிக்கை இழுத்துவிடுவார். "ஜெர்மானியர்களாலேயே முடியவில்லை, விண்டோஸுக்கே திரும்பிவிட்டார்கள்" என்பார். இதில் பாதிதான் உண்மை. விண்டோஸ் என்.டி. 4-க்கான ஆதரவு முடியப்போகிறது என்ற நிலையில், 2003 மே மாதம் மியூனிக் நகர மன்றம் சுமார் 14,000 கணினிகளை லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றுவதென்று முடிவெடுத்தது. 'லிமுக்ஸ்' என்று பெயரிட்ட அந்தத் திட்டம் 2013 இறுதியில் நிறைவுற்றபோது, கிட்டத்தட்ட 15,000 மேசைகளில் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான்கே ஆண்டுகளில், 2017இல், அதே மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது.

இயங்குதளம் வேலை செய்யவில்லை என்பதற்காக அவர்கள் திரும்பவில்லை. அதைச் சுற்றியிருந்த காரியங்கள்தான் காலை வாரிவிட்டன. இந்தத் தவறுகள் மியூனிக்குக்கு மட்டும் உரியவை அல்ல. ஆஸ்திரியாவின் வியன்னாவும் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கும் அவற்றில் சிலவற்றைச் செய்து காட்டியிருக்கின்றன.

மிச்சக் கணக்கை முன்னால் நிறுத்துவது

உரிமக் கட்டணம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் பெரும்பாலான அதிகாரிகள் மன்றத்தின் சம்மதத்தை வாங்குகிறார்கள். கேட்க இனிக்கும், ஆனால் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். எதிர்த்தரப்பு விலையைக் குறைத்தால் உங்கள் வாதம் அன்றே முடிந்தது. 2003இல் அப்படித்தான் நடந்தது. மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தவர், அதைப் பாதியில் விட்டுவிட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடேவைப் பார்க்க வந்தார். நிறுவனம் விலையையும் இறக்கியது. நகரம் அசையவில்லை. ஒரே விற்பனையாளரைச் சார்ந்திருக்கக் கூடாது, எப்போது எதைப் புதுப்பிப்பது என்பதைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்பதை அது முதன்மைக் காரணமாக வைத்திருந்தது. தள்ளுபடி கொடுத்து அந்தக் காரணத்தை அடிக்க முடியாது.

இருந்தும் பணத் தகராறு ஓயவில்லை. 2012இல் நகரம் கொடுத்த கணக்கின்படி லினக்ஸுக்கு ஆன செலவு சுமார் 2.3 கோடி யூரோ, விண்டோஸும் அதன் அலுவலகத் தொகுப்பும் என்றால் 3.4 கோடி ஆகியிருக்கும். சில வாரங்களில் மைக்ரோசாஃப்டுக்காக ஹெச்.பி. தயாரித்த ஆய்வு வெளிவந்தது. லினக்ஸுக்கு 6 கோடி யூரோ ஆனது, விண்டோஸ் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக முடிந்திருக்கும் என்றது அது. நகரம் அதை மறுத்தது. எந்தச் செலவை யார் தலையில் எழுதுவது என்பதைப் பொறுத்து இப்படிப்பட்ட கணக்குகள் எந்தப் பக்கமும் சாயும். எதை எண்ணுவோம், எதை எண்ண மாட்டோம் என்பதைத் திட்டம் தொடங்கும் முன்பே மன்றத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

படிவங்களை எண்ணாமல் இறங்குவது

எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு இதுதான். எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். எத்தனை டெம்ப்ளேட் (கடித வார்ப்புரு), எத்தனை மேக்ரோ (ஆவணத்துக்குள் தானே வேலை செய்யும் சிறு நிரல்) என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஏதோ ஒரு துறையில் ஏதோ ஒரு அலுவலர் பத்து ஆண்டுகளுக்கு முன்பு எழுதிவைத்த மேக்ரோவில்தான் வரி ரசீதோ கட்டட அனுமதிக் கடிதமோ ஓடிக்கொண்டிருக்கும். எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார்.

மியூனிக் இதைத் தீர்த்த விதம் அழகானது. ஆயிரக்கணக்கான வார்ப்புருக்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுதுவதற்குப் பதிலாக, ஓப்பன் ஆஃபீஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பின் மேல் உட்காரும் 'வோல்முக்ஸ்' என்ற கருவியை நகரத்தின் சொந்த நிரலாளர்களே எழுதினார்கள். கடிதத்தைத் திறந்தால் அலுவலரின் பெயர், துறை, அறை எண், தொலைபேசி ஆகியவை ஊழியர் பட்டியலிலிருந்து தாமாகவே கடிதத் தலைப்பில் வந்து விழும். படிவத்தில் 'திருமணமானவர்' என்று குறித்தால் அதற்குரிய பத்தி தோன்றும், இல்லையென்றால் மறையும். எனக்கு மிகவும் பிடித்தது அச்சிடும் முறை. ஜெர்மன் அலுவலகக் கடிதம் ஒன்றிலேயே ரோமன் எண்களிட்டு உத்தரவுகள் இருக்கும்: ஒன்று, மூலக் கடிதம் மனுதாரருக்கு, இரண்டு, நகல் இன்ன பிரிவுக்கு, மூன்று, கோப்பில் சேர்க்க. அச்சுப் பொத்தானை அழுத்தினால் வோல்முக்ஸ் ஒவ்வொருவருக்கும் போக வேண்டிய பிரதியைத் தனித்தனியாக அச்சிட்டுத் தரும். 'நகல்: கோப்பு' என்று நாள் முழுவதும் தட்டுகிற எழுத்தருக்கு இதன் அருமை புரியும். 2008இல் இதை ஐரோப்பிய ஒன்றியப் பொது உரிமத்தில் எல்லாருக்கும் திறந்தும் விட்டார்கள்.

இந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. திட்டம் தாமதம், திட்டம் தாமதம் என்று செய்தி வந்ததற்குப் பெரிய காரணங்களில் ஒன்று இது. கால அட்டவணை போட்டவர்கள் கணினிகளை மட்டும் எண்ணியிருந்தார்கள்.

தமிழ்நாட்டு அலுவலகங்கள் இறங்கினால் மேக்ரோக்களோடு இன்னொரு பழைய சுமையும் உண்டு. யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில், குறிப்பாக வானவில்லில், தட்டச்சு செய்த கோப்புகள் அவை. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் அரசாணை முழுவதும் புரியாத ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதற்கும் திட்டு லினக்ஸுக்குத்தான் விழும். கணினியைத் தொடும் முன்பே கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

இயங்குதளத்தில் தொடங்குவது, பாதியில் நிற்பது

ஊழியர் பொத்தான்களையும் கோப்புகளையும்தான் பார்க்கிறார், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலை அல்ல. பிரான்சின் ஜென்டார்மெரி காவல் படை இதைப் புரிந்துகொண்டு வரிசையை அமைத்தது. 2005இல் ஓப்பன் ஆஃபீஸ், அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு மின்னஞ்சலும், எல்லாம் விண்டோஸின் மேலேயே. அவை கைக்குப் பழகிய பிறகே, 2008 முதல், உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பு வந்தது. அதற்குள் ஊழியரின் அன்றாடக் கருவிகள் எல்லாம் பழகியவையாகிவிட்டதால், அடியில் இயங்குதளம் மாறியது பெரிய அதிர்ச்சியாக இல்லை. பல்லாயிரம் கணினிகளில் அது இன்றும் ஓடுகிறது.

ஃப்ரைபர்க் நகரம் இதற்கு எதிர்ப்பாடம். 2007இல் ஓப்பன் ஆஃபீஸுக்கு மாறுவதாக முடிவெடுத்தார்கள், ஆனால் பழைய மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2000-ஐயும் அப்படியே விட்டுவைத்தார்கள். ஓப்பன் ஆஃபீஸையும் 3.2.1 பதிப்போடு நிறுத்திவிட்டார்கள். ஒரே கோப்பு ஒருவர் மேசையில் ஒரு மாதிரியும் அடுத்தவர் மேசையில் வேறு மாதிரியும் தெரிந்தால் ஊழியர் யாரைத்தான் நம்புவார்? 2012இல் நகர மன்றம் மைக்ரோசாஃப்டுக்கே திரும்பியது. இரண்டு தொகுப்புகளையும் 'சில காலத்துக்கு' வைத்துக்கொள்வோம் என்று யாராவது சொன்னால், அந்தக் காலம் முடியும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தனித்துறை மென்பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. வியன்னாவில் 'வீனுக்ஸ்' என்ற லினக்ஸ் பதிப்பு 2005இல் வந்தது. அதை நிறுவிய கணினிகளில் பெரும்பாலானவை நகரத்தின் மழலையர் பள்ளிகளில் இருந்தன. பிள்ளைகளின் மொழித்திறனைச் சோதிக்கும் மென்பொருள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே ஓடும் என்று தெரியவந்ததும், 2008இல் அவற்றில் விண்டோஸ் விஸ்டாவைப் போட்டார்கள். ஒரே ஒரு மென்பொருள், திட்டத்தின் பெரும்பகுதியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எந்த மென்பொருளை வாங்கினாலும், புதுப்பித்தாலும், எந்த உலாவியிலும் ஓட வேண்டும் என்ற நிபந்தனையை டெண்டரிலேயே வைப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை. அந்த நிபந்தனையை மாற்றத்துக்கு ஐந்தாண்டு முன்பே வைக்கத் தொடங்கலாம், காசு செலவில்லை.

கணினிப் பிரிவைத் தொடாமல் விடுவது

மியூனிக்கில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிக் கணினிப் பிரிவு இருந்தது. மொத்தம் இருபதுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தனி வழக்கம், தனி நிர்வாகி. மையத்தில் ஒரு பதிப்பை வெளியிட்டால் ஒரு துறை உடனே நிறுவும், இன்னொன்று ஓராண்டு கழித்து நிறுவும். மையச் சேவை அமைப்பு ஒன்று உருவானபோதும் துறைகள் தங்கள் பிடியை முழுதாக விடவில்லை. அச்சுப்பொறி நின்றால், மின்னஞ்சல் சேவையகம் படுத்தால், இணைய இணைப்பு மெதுவானால், ஊழியர் வாயில் வந்த பெயர் 'லிமுக்ஸ்'. மேசையில் இருக்கும் இயங்குதளத்துக்கும் அந்தக் கோளாறுக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் அதுதான் திட்டு வாங்கியது. 2016இல் அக்சென்சர் என்ற ஆலோசனை நிறுவனம் நகரத்துக்குக் கொடுத்த ஆய்வறிக்கையும் முக்கியக் குறையாகச் சுட்டியது நிர்வாக அமைப்பைத்தான்.

இங்கே செய்ய வேண்டியது சலிப்பூட்டும் வேலை. புகார் வரும்போதே அது எதைப் பற்றியது என்று வகை பிரித்துப் பதிவு செய்ய வேண்டும்: இயங்குதளமா, அலுவலகத் தொகுப்பா, வலையமைப்பா, அச்சா, வெளியிலிருந்து வந்த கோப்பா. பிற அரசு அலுவலகங்கள் அனுப்பும் வேர்டு கோப்புகள் கோணலாகத் திறப்பது உண்மையான தொல்லை. அதைப் புகார்ப் பட்டியலில் தனியாகக் காட்டினால்தான், கோப்பு வடிவம் பற்றி அந்த அலுவலகங்களோடு பேச கையில் ஆதாரம் இருக்கும்.

முடிவெடுப்பவர்களின் கைபேசியை மறப்பதும் இந்த வகைதான். 2014இல் வந்த புதிய மேயர் டீட்டர் ரைட்டரும் துணை மேயர் யோசப் ஷ்மிட்டும் லிமுக்ஸைக் குறை கூறியபோது, கைபேசியில் மின்னஞ்சலும் நாட்காட்டியும் சரியாக வராததும் அந்தக் குறைகளில் ஒன்று. பதினைந்தாயிரம் பேர் வேலை பார்க்கும் கணினியைவிட, முடிவெடுக்கும் இருவரின் பையில் இருக்கும் கைபேசிக்குச் சக்தி அதிகம். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இதைக் கவனித்திருக்கிறது போலும். அங்கே 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச் என்ற கட்டற்ற மின்னஞ்சல் அமைப்புக்கும் தண்டர்பேர்டுக்கும் மாற்றும் வேலை 2025 அக்டோபரில் முடிந்தது. அலுவலகத் தொகுப்பாக லிப்ரே ஆஃபீஸ் இடம்பிடித்து வருகிறது. லினக்ஸை அதற்கு அடுத்த படியாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு மேயரை நம்பி இருப்பதும் ஆபத்து. ஊடே இருந்தவரை லிமுக்ஸுக்குக் காவல் இருந்தது, அவருடைய பதவிக்காலம் 2014இல் முடிந்தது. அதே கட்சியிலிருந்து வந்தவர்தான் ரைட்டர், ஆனாலும் பார்வை வேறு. மைக்ரோசாஃப்டின் ஜெர்மன் தலைமையகம் 2016இல் மியூனிக் நகருக்குள் குடிபெயர்ந்ததை வைத்து எழுந்த சந்தேகங்களை நான் இங்கே கிளற விரும்பவில்லை. ஒரு தலைவர் போனால் விழுந்துவிடும் திட்டத்தைச் சாய்க்கச் சூழ்ச்சி தேவையில்லை.

'முடிந்தது' என்று அறிவிப்பது

2013இல் நிறைவு அறிவித்தார்கள். லிமுக்ஸின் 5-ஆம் பதிப்பு உபுண்டு 12.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. அந்த உபுண்டுக்கான ஆதரவு 2017 ஏப்ரலில் முடிந்தது. மன்றம் விண்டோஸை நோக்கித் திரும்ப முதல் வாக்கெடுப்பு நடத்தியது அதே ஆண்டு பிப்ரவரியில். உரிமக் கட்டணம் இல்லாத மென்பொருளுக்கும் புதுப்பிப்பு, சோதனை, பயிற்சி, நிரலாளர் சம்பளம் உண்டு. அது ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக நிற்க வேண்டும். திட்ட நிதி தீர்ந்ததோடு அந்தத் தலைப்பும் மறைந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊழியர் வீட்டிலிருக்கும் கணினியைவிட அலுவலகக் கணினி பழையதாகத் தெரியும். அதற்குப் பிறகு எந்த வாதமும் எடுபடாது.

விண்டோஸுக்குத் திரும்புவதும் இலவசமாக முடியவில்லை. 2017 நவம்பரில் மன்றம் அதற்கு ஏறக்குறைய 5 கோடி யூரோ ஒதுக்கியது. வோல்முக்ஸை நம்பியிருந்த வார்ப்புருக்களை எல்லாம் வேர்டுக்கு மறுபடியும் பெயர்க்க வேண்டியிருந்தது. 2020இல் பசுமைக் கட்சியும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து ஆட்சி அமைத்தபோது, பொதுப் பணத்தில் எழுதும் நிரல் பொதுவில் இருக்க வேண்டும் என்ற வாசகத்தைத் தங்கள் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.