போதகர் தண்ணீர்த் தொண்டுக்கு வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலயப் பொறுப்பை விட்டு, குடிநீருக்காக உழைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சபைத் தொடர்பாளராகச் சேர்ந்த முதல் மாதமே நான் தடுக்கி விழுந்தேன். தண்டையார்பேட்டையில் ஒரு ஞாயிறு ஆராதனை. வேதாகமத்தில் வரும் சமாரியப் பெண்ணையும் கிணற்றையும் வைத்து உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். திரையில் எங்கோ தொலைதூர ஊரில் ஊற்றுத் தோண்டும் சிறுமியின் படம். வாசலில் நின்று கோயிற்பிள்ளை (ஆலயப் பணியாளர்) கையசைத்தார். பெண்கள் பக்கம் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மெட்ரோ வாட்டர் லாரி வந்திருந்தது. ஈர முந்தானையோடு திரும்பிய ஒரு அம்மா, "தாகத்தைப் பற்றி எங்களுக்கா சொல்கிறீர்கள், ஐயா?" என்று சிரித்தார்.

வட சென்னையில் பேசப் போகிறவர் முதலில் விட வேண்டியது, தாகம் எங்கோ தொலைவில் இருக்கிறது என்ற நினைப்பைத்தான். இங்கே நாம் உதவி கேட்கும் சபையே குடத்தோடு வரிசையில் நிற்கும் சபை. படத்தைக் காட்டுவதற்கு முன், அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேளுங்கள்.

அடுத்தது அரைகுறை அறிவு. பிரசங்கத்தில் தவறினால் யாருக்கும் வயிற்றுப்போக்கு வராது, இதில் வரும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறி உப்பானது. தண்டையார்பேட்டையில் குழாயிலிருந்து கசிந்த எண்ணெய் கிணறுகளில் கலந்தது 2013-ல் தெரியவந்தது. குடிநீர்க் குழாயில் சாக்கடை கலப்பது இன்னொரு கதை. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. குளோரினும் உப்பைத் தொடாது. டி.டி.எஸ். மீட்டரில் எண் குறைவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று மேடையில் சொல்லிவிடுகிறோம். கரைந்த உப்பைக் காட்டும் அந்தக் கருவிக்குக் கிருமி தெரியாது. உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தை ஜெபித்துத் திறந்து வைப்பதும் சுலபம்தான். அதன் வடிகட்டிச் சவ்வான மெம்பரேனை மாற்றும் செலவு யாருடையது என்பதை அன்றைக்கே எழுதி வாங்காவிட்டால், இயந்திரம் பிறகு செருப்பு வைக்கும் மேசையாகிவிடும். பார்த்திருக்கிறேன்.

காசிமேட்டில் நாள் பார்த்துப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது காணிக்கை கேட்பது கல்நெஞ்சம்.

பணத்தில் போதகர் பழக்கம் உதவாது. உறையில் போட்டுத் தரும் ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கொடுத்தவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சபைக்கு வந்த வெளிநாட்டு நன்கொடையில் கொஞ்சம் தருகிறோம் என்றால் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். 2020-ல் திருத்தப்பட்ட சட்டப்படி அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியின் தேர்தல் சமயத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். பழைய நண்பர் என்று ஒருவர் வீட்டில் காபி குடித்தாலும் அந்த அணியின் ஆள் ஆகிவிடுவீர்கள். அங்கி இல்லாவிட்டாலும் ஊர் உங்களை ஐயர், அதாவது போதகர் என்றுதான் பார்க்கும்.

கடைசியாக, குழாய் வைக்கும் இடம். ஆலயக் காம்பவுண்டுக்குள் வைத்தால் பக்கத்துத் தெரு இந்து, இஸ்லாமியப் பெண்கள் கேட்டருகே தயங்கி நின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள். நாங்கள் ஒரு இடத்தில் சுவரை உடைத்துக் குழாயைத் தெருப்பக்கம் திருப்பினோம். செலவு சொற்பம்; கமிட்டியைச் சம்மதிக்க வைக்கத்தான் நான்கு கூட்டம் ஆயிற்று.