பழைய பாப் பாட்டின் கவர் எப்படி ஹிட்டாகிறது: பாட்டுத் தேர்விலிருந்து உரிமம் வரை

ஒருவர் பாடிய பாட்டை இன்னொருவர் மறுபடி பாடி வெளியிடுவதுதான் கவர். அதற்கு எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டை எடுக்காதீர்கள். கேட்பவர் காதில் மூலப் பாடகரின் குரல்தான் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் குரல் அதோடு மல்லுக்கட்டியே களைத்துப்போகும். மெட்டு வலுவாக இருந்தும் பலரைப் போய்ச் சேராத பாட்டைத் தேடுங்கள். குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெயின்டெட் லவ்' 1965இல் ஓர் அமெரிக்க இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்து கவனிப்பாரற்றுப் போனது. எழுபதுகளில் வட இங்கிலாந்து நடன மன்றங்கள்தான் அதற்கு உயிர் கொடுத்தன. 1981இல் சாஃப்ட் செல் என்ற இருவர் குழு அதை மறுபடி பாடியது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவின் பில்போர்ட் ஹாட் 100 தரவரிசைப் பட்டியலில் 43 வாரம்.

பாட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கிட்டாரிலோ கீபோர்டிலோ கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) மட்டும் பிடித்துப் பாடிப் பதிவு செய்து, மூலத்தைக் கேட்டிராத நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். மறுநாள் அவர்களுக்குப் பல்லவி முணுமுணுக்க வரவில்லையென்றால், பாட்டின் பலம் மெட்டில் இல்லை, பழைய ஒலிப்பதிவில் இருக்கிறது. வேறு பாட்டு பாருங்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது சுருதிக்கும் வேகத்துக்கும். மூலச் சுருதியிலேயே பாடுவதுதான் மரியாதை என்று நினைத்துப் பலர் குரலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பல்லவியின் உச்ச ஸ்வரத்தைக் குறித்துக்கொண்டு, குரல் முயன்று எட்டுகிற, ஆனால் கீச்சிடாத இடத்தில் அது வந்து விழும்வரை அரை அரைக் கட்டையாக நகர்த்துங்கள். சாஃப்ட் செல் 1 கட்டைப் பாட்டைத் தன் பாடகர் மார்க் ஆல்மண்டின் குரலுக்காகக் கீழ் 5 கட்டைக்கு இறக்கியது, வேகத்தையும் குறைத்தது. மூல டெம்போ, அதில் 15 சதவீதம் குறைத்து, 10 சதவீதம் கூட்டி என்று மூன்று விதமாகப் பாடிப் பாருங்கள். வேகம் குறைந்தால் வரிகளுக்கு நடுவே இடைவெளி விழும். அப்படியே விட்டால் பாட்டு தொய்யும். வாத்தியங்களைக் கொட்டி நிரப்பினால் குரல் மூச்சுத் திணறும். சாஃப்ட் செல் அங்கே இரண்டே இரண்டு மின்னணு அடிகளை வைத்தது. டிரம்பெட் வகையறாக்கள் இருந்த இடத்தில் சிந்தசைசர் மட்டும். இன்றும் அந்த இரண்டு அடி விழுந்ததுமே பாட்டு எதுவென்று தெரிந்துவிடுகிறது. மெட்டில் கைவைக்காமல் உங்களுக்கென்று இப்படி ஒரு ஒலியைக் கண்டுபிடித்து, முதல் பத்து நொடிக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

வரிகளில் யார் பேசுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஓடிஸ் ரெடிங் 1965இல் பாடிய 'ரெஸ்பெக்ட்' ஓர் ஆணின் கோரிக்கை. 1967இல் அரேதா ஃபிராங்க்ளின் பாடியபோது அது ஒரு பெண்ணின் உரிமைக் குரலாகிவிட்டது. அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் புகழ்பெற்ற பகுதி அவர் சேர்த்ததுதான். இதற்கு நேரெதிராக, லூக் கோம்ப்ஸ் 2023இல் டிரேசி சாப்மனின் 1988ஆம் ஆண்டுப் பாட்டான 'ஃபாஸ்ட் கார்' வரிகளில் ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்வதைக்கூட மாற்றாமல் பாடி ஹாட் 100இல் இரண்டாமிடம் வந்தார். எங்கள் கணிப்பில் இரண்டாவது வழியே பத்திரமானது. புது வரி சேர்த்தால் பாட்டின் உரிமையாளரிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

உரிமத்தை ஒலிப்பதிவுக்கு முன்பே முடியுங்கள். அமெரிக்காவில் ஏற்கெனவே வெளியான பாட்டை மறுபடி பதிவு செய்யக் கட்டாய உரிமம் (உரிமையாளர் மறுக்க முடியாத உரிமம்) கிடைக்கும், அடிப்படை மெட்டை மாற்றக் கூடாது. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு இன்னும் கறார்: முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழிந்திருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை, அதாவது உரிமையாளருக்கான உரிமைத் தொகையை, முன்கூட்டியே கட்ட வேண்டும். இந்த உரிமம் ஒலிப்பதிவுக்கு மட்டுமே. வீடியோவுக்கு உரிமையாளரிடம் தனி அனுமதி தேவை, அவர் மறுக்கலாம். இதை விட்டுவிட்டுத்தான் பலர் வீடியோவை இழக்கிறார்கள்.

பாட்டு ஓடினாலும் எழுத்தாளர் ராயல்டி உங்களுக்கு வராது. அமெரிக்க ஏஎம், எஃப்எம் வானொலி பாட்டை எழுதியவர் தரப்புக்குத்தான் பணம் தருகிறது, பாடியவருக்கு இல்லை. சாஃப்ட் செல் இசைத்தட்டின் மறுபக்கத்திலும் இன்னொருவரின் பாட்டையே வைத்து, அத்தனை விற்பனையிலும் எழுத்தாளர் பங்கைக் கோட்டைவிட்டது. கவரோடு சேர்த்து நீங்களே எழுதிய ஒரு பாட்டையும் அதே நாளில் வெளியிடுங்கள்.